பதினோராம் பக்கத்தின் கேள்வி

நூலகக் கணினி இருபது நிமிடம்தான் பொறுக்கும்.
ஏழாம் பக்கத்தில் பழைய சம்பளச் சீட்டைத்
தேடிக்கொண்டிருந்தபோது திரை வெளுத்தது.
மீண்டும் பெயர்: ஒடீல் பெல்க்கி.
மீண்டும் வயது, ஐம்பத்தெட்டு.
மீண்டும், உருளைக்கிழங்குக் கிடங்கில்
வாரம் பதினோரு மணி நேரம்.
நவம்பர் வரை நாற்பது.

எந்தத் திட்டம் எங்கே என்று
நூலகர் ஒரு மஞ்சள் தாளில் எழுதித் தந்திருந்தாள்:
உணவு அட்டைக்கு மெய்ன் மாநில அலுவலகம்,
கணப்பு எண்ணெய்க்குத் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சங்கம்,
பல்லுக்கு யாருமில்லை.
கடைசி வரியை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதியிருந்தாள்.

பதினோராம் பக்கம் கேட்டது:
இந்த முகவரியில் உங்களோடு சேர்ந்து
உணவு வாங்கிச் சமைத்து உண்பவர் யார்?

இந்த முகவரியில் லூசியென் இருக்கிறாள். என் அக்கா.
ஃபிரிட்ஜின் நடுவே நீல நாடா ஒட்டியிருக்கிறது.
இடப்பக்கம் அவளுடையது;
முட்டைகளின் மேல்கூடப் பென்சிலில் லூ, லூ, லூ.
ஆறு மணிக்கு அடுப்பு அவளுக்கு, ஏழு மணிக்கு எனக்கு.
மூன்று குளிர்காலமாய் இப்படி.
அப்பாவின் பனிவாரி வண்டியை விற்ற கதையைப்
படிவம் கேட்கவில்லை.
ஆகவே இங்கும் சொல்வதாயில்லை.

யாருமில்லை என்று தட்டினேன்.

தொலைபேசியில் நாற்பத்தோரு நிமிடம் பியானோ.
பிறகு திருமதி க்விம்பி, சளி பிடித்த குரலில்:
"ஒரே வீடு, தனித்தனிச் சமையல், அப்படித்தானே?
அப்படியென்றால் நீங்கள் இரண்டு குடும்பம்.
அக்கா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்."
எண்ணெயைப் பற்றிக் கேட்டேன்.
"அது வேறு திட்டம். தொட்டி ஒன்றுதானே?
அங்கே நீங்கள் ஒரே குடும்பம்.
அவர் வருமானத்தையும் காட்ட வேண்டும்."
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்து, இருமினாள்.
மாநிலத்தின் கணக்கில் நாங்கள்
குளிருக்கு ஒன்று, பசிக்கு இரண்டு.

கடிதத்தை எழுதிச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன்.
இரண்டு நாள் அது அப்படியே நின்றது.
மூன்றாம் நாள் ஆறு மணிக்கே, அவள் நேரத்தில்,
சமையலறைக்குள் போனேன்.
ப்ளாய் சுட்டுக்கொண்டிருந்தாள்.
பக்வீட் மாவு; ஒரு பக்கம்தான் வேகவிடுவார்கள்,
திருப்பவே கூடாது,
மேற்புறம் கண் கண்ணாய் ஓட்டை விழும்.
முதுகைக் காட்டியபடியே "பேனா" என்றாள்.
மூன்று வருடத்தில் முதல் சொல் என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் போன மாதம்
"குழாய் உறைந்துவிட்டது" என்றும் சொல்லியிருந்தாள்.

கண்ணாடியில்லாமல், தாளைத் தூரப் பிடித்து
உரக்கப் படித்தாள்:
நானும் என் தங்கை ஒடீலும்
உணவைத் தனித்தனியே வாங்குகிறோம்,
தனித்தனியே சமைக்கிறோம்.
"உண்மைதான்" என்றாள், யாரோ மறுத்ததுபோல.
கையெழுத்துப் போட்டாள்.
எண்ணெய்க்காகத் தன் ஓய்வூதியச் சீட்டையும்
அதன் மேல் வைத்தாள், எழுத்து கீழாக.
கடிதத்தோடு சேர்த்து மடிக்கும் சாக்கில் புரட்டிப் பார்த்தேன்.
என் பதினோரு மணி நேரத்தைவிடக் குறைவு.

"நீயும் விண்ணப்பம் போடு" என்றேன்.
"திரை வெளுக்கும்போது கத்தாமல் இருந்தால்
நான் கூட வருகிறேன்."
பதில் இல்லை. மாவை ஊற்றினாள்.
வெந்ததை எடுத்து வெண்ணெய் தடவிச் சுருட்டி
தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.
தள்ளிய கை பாதியில் நின்றது.
கடிதத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
மை இன்னும் காயவில்லை.

"முதலில் அதைத் தபாலில் போட்டுவிட்டு வா" என்றாள்.
தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள்.
நான் பனிக் காலணியைத் தேடினேன்.